சக்கரத்துக்கு ஒரு கல்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று வண்டி விழுந்தது. நான் விழவில்லை, வண்டிதான் விழுந்தது. நான் அதன் அடியில் இருந்தேன், அவ்வளவுதான்.

சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. பதினாறு வருஷ வண்டி, தளராமல் என்ன செய்யும்? அதோடு இந்தத் தெரு. செண்பகத் தெரு என்று பெயர் வைத்த மகராசன் ஒரு நாளும் இதில் ஏறியிருக்க மாட்டான். கொடைக்கானல் பஜாரை விட்டுப் பிரிந்ததும் ஏணி சாத்தியது போல நேரே மேலே போகிறது. கீழ் முனையிலிருந்து மேல் ரோடு வரை ஒரே சரிவு. நடுவில், பொதுக்குழாயடியில் மட்டும், யாரோ மனசு இரங்கிப் போட்ட மாதிரி ஒரு துண்டுத் தரை சமமாக இருக்கிறது. நாங்கள் அதை மட்டத்தரை என்போம். குழாயும் குடங்களும் போக அங்கே ஒரு வண்டிதான் நிற்கும். தெருவில் இருப்பது ஒன்பது வண்டி. முதலில் வருகிறவனுக்கு இடம்.

அங்கே நிறுத்துவதற்கு எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. ஹேண்டில் லாக் போடக் கூடாது. கியரில் விடக் கூடாது. நியூட்ரலில் விட வேண்டும். ஏனென்றால் ஒரு சாவு விழுந்தால் உடலைக் கிடத்தவும், ஒரு கல்யாணம் என்றால் பந்தி போடவும் இந்தத் தெருவுக்கு அது ஒன்றுதான் இடம். யார் வேண்டுமானாலும் வந்து வண்டியைத் தள்ளி வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் சட்டம் தலைகீழ். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க வேண்டும், முதல் கியரில் விட வேண்டும், பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

மட்டத்தரையில் வழக்கம் போல எதிர்வீட்டுத் தங்கமாயனின் வண்டி நின்றது. அதனால் நான் என் வீட்டு வாசலுக்கு நேரே சரிவில் நிறுத்தி, காலைத் தூக்கி இறங்கப் பார்த்தேன். கால் சீட்டைத் தாண்டவில்லை. பேன்ட் மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். மாயன் ஓடி வந்து தூக்கினான். நான் கூப்பிடவில்லை. நான்கு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. மட்டத்தரையில் நின்ற என் வண்டியைத் தள்ளி வைக்கிறேன் என்று மட்கார்டில் கோடு இழுத்தவன் அவன். தூக்கும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மட்டில் மரியாதை தெரிந்தவன்.

என் மனைவி பிலோமினாளிடம் சொல்லவில்லை. முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு அவளே மஞ்சள் பத்து போட்டாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மட்டத்தரை காலி. நான் ஐந்தே முக்காலுக்கே ஆபீஸிலிருந்து வந்துவிட்டேன், சுற்றுலா ஜீப் ஓட்டுகிற மாயன் இன்னும் சவாரி முடித்து இறங்கியிருக்க மாட்டான். நிறுத்திவிட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் நின்றது. நல்ல நாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வண்டியைத் துடைத்தேன். ஸ்டாண்டுக்குப் புது ஸ்பிரிங் போட்டாயிற்று. மெக்கானிக் பழையதைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் கோளாறு இல்லையேண்ணே" என்றான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு ஸ்பிரிங்கைப் பார்க்கத் தெரியவில்லை.

இந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீடு ஓடும். பிலோ கான்வென்ட் விடுதிச் சமையலறையில் மேற்பார்வை. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு இட்லி வேக வேண்டுமானால் ஐந்தரைக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். அவளுடைய முழங்கால் இரண்டும் போய்ப் பல வருஷமாகிறது. சமதரையில் நிற்பாள், நடப்பாள், அதட்டுவாள். சரிவில் இறங்கச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆட்டோக்காரர்கள் இந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஆகவே நான். காலையில் கொண்டு விடுகிறேன், மூன்று மணிக்கு ஆபீஸில் சொல்லிவிட்டுப் போய்க் கூட்டி வருகிறேன். நகராட்சி குடிநீர்ப் பிரிவில் இந்தச் சலுகையை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

அந்த வேலை இல்லையென்றால் பிலோ இரண்டே மாதத்தில் படுத்துவிடுவாள். பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு நூற்று நாற்பது பிள்ளைகள்.

பால் தீய்ந்துவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தெரியவில்லையா என்று திட்டினாள். ஜலதோஷம், வாசனையே தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இன்றும் மட்டத்தரை எனக்குத்தான். இரண்டு வாரமாக ஒரு நாள் தவறவில்லை. ஆறரைக்கு வந்தாலும் காலி, ஏழுக்கு வந்தாலும் காலி. ரகசியம் இதுதான்: ஒரு இடத்தைத் தொடர்ந்து நாலு நாள் பிடித்துக் காட்டினால் மற்றவன் தானாக விலகிவிடுவான். ஆபீஸிலும் நாற்காலியை இப்படித்தான் பிடித்தேன்.

தெருவில் பையன்களின் வண்டிகள் எல்லாம் சரிவில் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கல். மட்டத்தரை காலியாகக் கிடந்தாலும் அதைத் தாண்டிப் போய்ச் சரிவில் நிறுத்துகிறார்கள். இதுவும் ஒரு பகட்டு. நிறுத்திக்கொள்ளட்டும்.

குழாயடிக் குடங்களைக்கூட யாரோ சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்தத் தெருவுக்கும் ஒழுங்கு வருகிறது.

பேனா சரியில்லை. வரி தொடங்கும்போது எழுத்து ஒழுங்காக இருக்கிறது, முடியும்போது கடுகாகிவிடுகிறது. பிலோ எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு எழுதுறீங்க, எறும்புக்கா?" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

சாயங்காலம் ஜன்னல் வழியே ஒரு கூத்து பார்த்தேன். கோயம்புத்தூர் நம்பர் போட்ட பெரிய வண்டியில் வந்த சுற்றுலாப் பையன் மட்டத்தரையில் நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மாயன் ஜீப்பைப் பாதியிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்து, "தம்பி, எடுங்க வண்டிய. ஆள் வர்ற நேரம்" என்று சத்தம் போட்டான். அந்தப் பையன், "போர்டு எங்க இருக்கு?" என்று கேட்டான். "நான்தாம்ல போர்டு" என்றான் மாயன். கடைசியில் அந்தப் பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மாயனுக்கு யாரிடமாவது சண்டை போட வேண்டும். என்னிடம் முடியவில்லை என்றால் ஊரிலிருந்து வருகிறவனிடம். நான் இன்று லீவு, வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. ராத்திரி அதை எடுத்து வந்தபோது மட்டத்தரை காலி. அவன் செய்த சண்டையில் லாபம் எனக்கு.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கோயிலுக்குக் கிளம்பும்போது சட்டைப் பித்தான் அடம்பிடித்தது. பிலோ வந்து போட்டுவிட்டாள். சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி மேலிருந்து கீழ் வரை எல்லாவற்றையும் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் இல்லாத குழம்பு. நாற்பது நாளுக்கு இதுதான்.

மார்ச் 12, புதன்

மதுரை போய் வந்தோம். தோள்பட்டை வலி என்றுதான் நான் சொன்னேன். டாக்டர் சின்ன வயசு, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலைத் தட்டச் சொன்னார். எழுதச் சொன்னார். வராந்தாவில் போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னார். திரும்புகிற இடத்தில் ஒரு பெருக்குகிற பெண் நின்றாள், அதனால் கொஞ்சம் தயங்கினேன். கடைசியில் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் கொண்ட வியாதியைச் சொன்னார். பிலோ எழுதி வாங்கிக்கொண்டாள்.

வண்டி ஓட்டலாமா என்று பிலோ கேட்டாள். நான் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லும்போது நான் மாத்திரைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது பிலோ என் கையைப் பிடித்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டம் நிற்க வேண்டும் என்றுதான் பிடித்தாள், ஆசையில் அல்ல. ஆனாலும் எடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

வண்டிக்கு ஆயில் மாற்றினேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் பிலோவை ஏற்றிக்கொண்டு கீழ் முனை வளைவில் திரும்பும்போது கால் ஊன்ற வேண்டிய இடத்தில் ஊன்ற நேரமாகிவிட்டது. விழவில்லை. பிலோ தன் காலை ஊன்றிவிட்டாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"இனிமே நான் நடந்தே போய்க்கிறேன்."

"நான் இருக்கிறப்ப நீ எதுக்கு நடக்கணும்?"

"நீங்க இருக்கணும்னுதாங்க நடக்கிறேங்கிறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளினேன். ரெண்டு நாள் நடந்து பார், மூன்றாம் நாள் சிஸ்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றேன். இரண்டு மாதமாக மட்டத்தரையில் ஒரு கீறல் இல்லாமல் நிறுத்துகிறேனே, ஓட்டத் தெரியாதவனா அப்படி நிறுத்துவான், தெருவே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது என்றேன்.

"ஆமா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சத்தம் போட்டதற்கு வருத்தமாக இருக்கிறது. களைப்பாகவும் இருக்கிறது. இந்தக் களைப்பு தூங்கினாலும் போவதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மேல்வீட்டுத் தாவீது வாத்தியார் விடியற்காலையில் இறந்துவிட்டார். தொண்ணூற்றொரு வயசு, நல்ல சாவு. காலையிலேயே மட்டத்தரையில் பந்தல் போட்டு உடலைக் கிடத்திவிட்டார்கள். நான் பிலோவை விட்டுவிட்டு அப்படியே ஆபீஸ் போய்விட்டேன். பிலோ மதியம் சிஸ்டர்களின் வேனில் வந்து, உடலுக்குப் பக்கத்தில் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். நான் அரை நாள் லீவு சொல்லி மூன்று மணிக்கு வந்தேன். கீழ் முனையில் நாற்காலியும் கூட்டமும் வழியை அடைத்திருந்தன. சரி என்று சுற்றி மேல் ரோட்டுக்குப் போய் அங்கிருந்து தெருவில் இறங்கினேன். அதனால் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்தது. திருப்பி நிறுத்த எனக்குத் தெம்பில்லை. என் வாசலுக்கு முன்னால், அப்படியே, சைடு ஸ்டாண்டைப் போட்டேன்.

கல்லைத் தேடினேன். என் கல்லைப் பந்தல் கயிற்றுக்குப் பாரமாக யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். ஒரு நிமிஷம்தானே, போய் எடுத்து வரலாம் என்று இறங்கி நடந்தேன். வண்டி நியூட்ரலில் நின்றது. நான் அதை யோசித்துச் செய்யவில்லை. இரண்டு மாதமாக மட்டத்தரையில் விட்டுப் பழகிய கால், அது பாட்டுக்கு நியூட்ரலுக்குத் தட்டிவிட்டது.

ஸ்டாண்டு கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். பத்தடி போயிருப்பேன். ஸ்டாண்டு மடங்குகிற சத்தம் எனக்குத் தெரியும், பதினாறு வருஷமாகக் கேட்கிற சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி என்னைத் தாண்டிவிட்டது. ஆள் இல்லாமல், விழாமல், நேராகப் போனது. ஓட்டுகிறவன் இருக்கும்போது ஒரு நாளும் அவ்வளவு நேராகப் போனதில்லை. கீழே பந்தலில் பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சேலை பிலோ.

கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஓடப் பார்த்தேன், கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. என் பெண்டாட்டியின் முதுகை நோக்கி என் வண்டி போகிறது, நான் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறேன்.

மாயன் நாலு நாற்காலியை அடுக்கித் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே ஏறி வந்துகொண்டிருந்தான். நாற்காலிகளோடு குறுக்கே பாய்ந்தான். வண்டி அவன் மேல் விழுந்தது. பிலோவுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு நாற்காலி இடம்தான்.

மாயனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருக்கிறது. சவ அடக்கத்துக்கு நான் போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் மாயனின் மனைவி ராமுத்தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வாசலில் நின்றேன். பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணே? அக்காவுக்கு ஒண்ணும் ஆகலேல்ல?"

"இல்ல தாயீ. மாயனுக்கு..."

"மாயனுக்குக் கால் போச்சு. சீசன் தொடங்குற நேரத்துல ஜீப்பு சும்மா கெடக்கப் போவுது." குரல் ஏறிவிட்டது. "ஏண்ணே, ரெண்டு மாசமா தெருவே அந்த எடத்த உங்களுக்குன்னு விட்டு வச்சுச்சே, அது தெரியுமா உங்களுக்கு? அன்னைக்கு நீங்க வண்டிக்கு அடியில கெடந்தீங்கள்ல, அன்னைக்குச் சாயந்தரமே இவரு வீடு வீடாப் போனாரு. 'இன்னாசியண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, மட்டத்தரையில யாரும் வண்டி போடாதீக, ஆனா அவருகிட்ட யாரும் மூச்சு விடாதீக'ன்னாரு. பேசாத மனுசனுக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு நான் கேட்டேன். 'அவரு பேசாட்டி என்ன, அக்கா வேலைக்குப் போகணும்ல'ன்னாரு. இப்ப பாருங்க."

அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். பிலோ என் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"கொடம் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சதே நான்தான்."

ஏப்ரல் 9, புதன்

இரண்டு மாதமாக நான் யாரையும் ஜெயிக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மாயனைக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். எதிர்வீடுதான், ஆனால் நான்கு வருஷத்துக்குப் பிறகு போகிறேன். படி எங்கே என்றுகூட மறந்துபோயிருந்தது. கையில் ஆரஞ்சுப் பழம். பை கைநடுக்கத்தில் சரசரவென்று சத்தம் போட்டு, நான் வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

மாயன் கட்டிலில் சாய்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தான். என்னைப் பார்த்து எழப் பார்த்தான்.

"படுப்பா" என்றேன்.

"வாங்கண்ணே. உக்காருங்க. ராமு, காபி போடு."

காபி வந்தது. ராமுத்தாய் டம்ளரில் பாதிதான் ஊற்றியிருந்தாள். சிந்தாமல் இருக்க அப்படிக் கொடுத்திருக்கிறாள். கோபத்தில் இருந்தாலும் அதை மறக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் எனக்கு வராத அழுகை அந்தப் பாதி டம்ளருக்கு வந்தது.

"மாயா, என்னை மன்னிச்சிரு."

"அட சும்மா இருங்கண்ணே. மட்கார்டுல கோடு போட்டதுக்கு நீங்க காலை வாங்கிட்டீங்க. கணக்கு முடிஞ்சது."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரித்தான்தான், ஆனால் வலியில் பாதியிலேயே நிறுத்திவிட்டான். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அந்த எடத்த விட்டு வச்சது தப்புண்ணே. மேட்டுலயே விட்டிருந்தா நீங்க கியர் போட்டு, கல்லு வச்சு, பழக்கம் விட்டுப் போயிருக்காது. இல்லாட்டி, முடியலன்னு நீங்களே ஓட்டுறத விட்டிருப்பீங்க. நல்லது செய்யப் போயி..."

"நீ செஞ்சது தப்பில்லப்பா. எனக்கு முடியலங்கிறத நான் சொல்லாததுதான் தப்பு."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிலோவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. மாயன் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை என்னிடம் நீட்டினான்.

வண்டிச் சாவியை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பிலோ நடந்து போகிறாள். நாலே முக்காலுக்குக் கிளம்புகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒரு படி ஒரு படியாக இறங்குவது போல இறங்குகிறாள். மட்டத்தரை வந்ததும் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். நான் கூடப் போனால் இரண்டு பேரும் விழுவோம்.

எனக்கு ஆபீஸில் மருத்துவ விடுப்பு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்

பெரிய வியாழன். பிலோ வேலை முடிந்து ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு முழங்காலும் பன் மாதிரி வீங்கியிருக்கின்றன. சூடு தண்ணீர் ஒத்தடம் கொடுத்தேன். என் கை ஆடி ஆடித் தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது.

"சிஸ்டர்கிட்ட அடுத்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

உபவாசம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் கதவைத் தட்டினாள் ராமுத்தாய். தலையில் மாயனின் பெரிய ஹெல்மெட்.

"அக்கா, ஏறுங்க. நான் பூ மார்க்கெட்டுக்கு அந்த வழியாத்தான் போறேன்."

அவளிடம் ஒரு பழைய ஸ்கூட்டி உண்டு. பூ மார்க்கெட் அந்த வழியில் இல்லை, நேர் எதிர்ப் பக்கம். எனக்கும் தெரியும், பிலோவுக்கும் தெரியும், ராமுத்தாய்க்கு நன்றாகவே தெரியும். பிலோ என்னைப் பார்த்தாள். "போ" என்றேன்.

ராமுத்தாய் என்னிடம் நேராகப் பேசவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், நியாயம்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

வண்டியை மாயனின் மச்சான் வந்து எடுத்துப் போனான். வத்தலக்குண்டில் ஓட்டப் போகிறானாம். அங்கே எல்லாம் சமதரை. அதற்கும் வயசாகிவிட்டது, நிம்மதியாக நிற்கட்டும்.

கீழ் முனை வளைவு வரை சத்தம் கேட்டது. பிறகு நான் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

மூன்றரைக்கு ராமுத்தாய் பிலோவை ஏற்றிக்கொண்டு வந்தாள். மட்டத்தரை காலியாகத்தான் கிடந்தது. அதைத் தாண்டி எங்கள் வாசலுக்கே ஏறிவந்து சரிவில் நிறுத்தினாள், பிலோ நாலு எட்டு குறைவாக நடக்கட்டும் என்று. ஸ்கூட்டிக்குக் கியர் கிடையாது. பிரேக்கைப் பூட்டி வைக்கிற கொக்கி உடைந்து பல வருஷமாயிற்று. ராமுத்தாய் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறாள். பின்னால் பிலோ இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். ராமுத்தாய் இறங்கினால் வண்டி உருளும், பிலோ இறங்கினால் வண்டி ஆடும். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

நான் வாசலில்தான் நின்றிருந்தேன். என் பழைய கல் அங்கேயே கிடந்தது, பந்தல்காரர்கள் திருப்பிப் போட்டிருந்தார்கள். குனிந்து எடுத்தேன். கனமான கல், இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொண்டு போய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினேன்.

அப்போதுதான் கவனித்தேன். சும்மா மடியில் கிடக்கும்போது ஆடுகிற கை, கல்லைத் தூக்கியிருந்த நேரம் முழுக்க ஆடவில்லை.

பிலோவிடம் சொன்னேன். டாக்டரும் அதைத்தான் சொன்னாராம், வேலை செய்யும்போது ஆட்டம் குறையும் என்று. நான்தான் அன்றைக்கு மாத்திரைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேனே.

மே 12, திங்கள்

கல் கொஞ்சம் உருண்டையாக இருக்கிறது, மழையில் வழுக்கும். பகல் முழுக்கத் தேடி, ஒரு பக்கம் தட்டையான கல் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஸ்டாண்டுக்கு அடியில் போட ஒரு பலகைத் துண்டும் தயார். ஈரமண்ணில் ஸ்டாண்டு அமுங்கினால் கல் மட்டும் என்ன செய்யும்?

சிஸ்டரிடம் பிலோ மறுபடி பேசிவிட்டாள். நிற்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மே 19, திங்கள்

மாயன் இப்போது கட்டைக் கம்புகளை ஊன்றி மட்டத்தரை வரை வருகிறான். அங்கே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது. அவன் ஜீப்பை இன்னொரு மச்சான் ஓட்டுகிறான், ஓட்டுகிற லட்சணத்தைப் பற்றி மாயன் தினமும் எனக்கு ஒரு மணி நேரம் சொல்கிறான். நான் குடிநீர்ப் பிரிவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பேரும் மற்றவர் சொல்வதைக் கேட்பதில்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குள் தனியாக அலுத்துக்கொள்வதற்கு இது தேவலை.

மூன்றரைக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. மேலே வாசலுக்குப் போக நான் கொஞ்சம் முன்னாலேயே எழ வேண்டும், கால் கிளம்ப நேரமாகிறது. மாயன் கம்பால் என் செருப்புக்கு முன்னால் ஒரு கோடு இழுத்து, "இதத் தாண்டுங்கண்ணே" என்றான். கோட்டைப் பார்த்தால் கால் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. தாண்டினேன்.

ராமுத்தாய் வாசலுக்கு ஏறிவந்து இரண்டு பிரேக்கையும் பிடித்தாள். கீழேயிருந்து மாயன், "மூக்க மேட்டுப் பக்கம் வையி, ஹேண்டில ஒடிச்சு வையி" என்று கத்தினான். "எனக்குத் தெரியும், நீ சும்மா உக்காரு" என்று இவள் கத்தினாள். நான் பலகையைப் போட்டேன். கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் தட்டைப் பக்கமாக வைத்து, காலால் தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன்.

அன்று வாசலில் அழுதுவிட்டுப் போன பிறகு ராமுத்தாய் என்னிடம் நேராகப் பேசியது இன்றுதான். தலையைத் திருப்பி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

"வச்சுட்டீங்களாண்ணே? கைய விடவா?"

பின்னால் பிலோ உட்கார்ந்திருந்தாள். கீழே முழுச் சரிவும் இருந்தது. குனிந்து கல்லை இன்னொரு தரம் பார்த்தேன்.

"வச்சாச்சு தாயீ. விடு."

விட்டாள். வண்டி நின்றது.